பகிர்ந்து ஓடும் மின்சைக்கிளும் ஸ்கூட்டரும்: மட்டக்களப்பில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் நான்கு வீட்டுக்காரர் சேர்ந்து இரண்டு மின்சைக்கிளை மாறி மாறிப் பாவிக்கிறோம். நான் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன் என்பதால் சந்தேகமெல்லாம் என் வாசலுக்குத்தான் வரும். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்கள், கியூஆர் கோட்டாவில் கிடைத்த வாரத்துக்கு 4 லீற்றரை வைத்துப் பைக் ஓட்டியவர்கள், வெளிநாட்டில் வாடகை ஸ்கூட்டரில் ஏறி இறங்கிவிட்டு விடுமுறைக்கு ஊர் வருகிறவர்கள் என்று பலர். கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். கேட்டவர் கேட்டபடியே எழுதி, கீழே என் பதிலை வைத்திருக்கிறேன். சாதாரண தரம் தாண்டிய கணக்கு எதுவும் இல்லை, பயப்பட வேண்டாம்.

சேர், மின்சைக்கிள், ஸ்கூட்டர், ஈ-பைக் எண்டு ஆளுக்கொரு பேர் சொல்றாங்க. எல்லாம் ஒண்டுதானே?

இல்லை. மூன்று சாதி உண்டு. மிதித்தால் மோட்டர் கைகொடுக்கும் மின்சைக்கிள் ஒன்று. நின்றுகொண்டு ஓட்டுகிற, சின்னச் சில்லு வைத்த ஸ்கூட்டர் இன்னொன்று; 2023 வரை பாரிஸிலும், இன்றும் அமெரிக்க நகரங்களிலும் நடைபாதையில் கிடப்பது இதுதான். மூன்றாவது, நம் ஊரில் பெண்பிள்ளைகள் ஓட்டும் ஸ்கூட்டியைப் போல இருந்து ஓட்டுவது. பெங்களூரில் யூலு என்ற நிறுவனம் வாடகைக்கு விடும் வண்டிகளும், தாய்வானில் கோகோரோ வண்டிகளும் இந்த வகை.

கிலோமீற்றருக்கு எவ்வளவு மின்சாரம் என்று பார்த்தால் மின்சைக்கிள் 8 முதல் 15 வாற்று மணி (1000 வாற்று மணி சேர்ந்தால் பில்லில் ஒரு யுனிட்), நின்று ஓட்டுவது 10 முதல் 20, இருந்து ஓட்டுவது 25 முதல் 35 என்று வைத்துக்கொள்ளலாம். ஓட்டுகிறவரின் நிறை, வேகம், ரயர்க் காற்று எல்லாம் சேர்ந்து இதைக் கூட்டும், குறைக்கும்.

ஒருக்கா ஃபுல் சார்ஜுக்கு எத்தினை யுனிட் போகும்? லைட் பில் ஏறாதா?

எங்கள் வண்டியில் உள்ளது 36 வோல்ற்று, 10 அம்பியர் மணிப் பற்றரி. பெருக்கினால் 360 வாற்று மணி. ஒரு யுனிட் என்பது 1000 வாற்று மணி. சார்ஜரில் கொஞ்சம் சூடாகிப் போய்விடுவதால், பிளக்கில் மீற்றர் வைத்துப் பார்த்தால் 0.42 யுனிட் காட்டும். அதற்கு 32 கிலோமீற்றர் அளவு ஓடுகிறது. ஆக, சுவரில் இருந்து எடுப்பது கிலோமீற்றருக்கு 13 வாற்று மணி. இந்த 13ஐ ஞாபகம் வைத்திருங்கள், கீழே பலமுறை வரும்.

பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம். அயன் பண்ணி ஒரு யுனிட் செலவழிக்கும் மின்சாரத்தில் இரண்டு தரம் சார்ஜ் பண்ணிவிடலாம். ஆனால் இலங்கையில் வீட்டு மின்கட்டணம் அடுக்கடுக்காக ஏறுவது. நீங்கள் ஏற்கெனவே ஓர் அடுக்கின் விளிம்பில் நிற்கிறீர்கள் என்றால் மாதம் ஐந்தாறு யுனிட் கூட மேல் அடுக்குக்குத் தள்ளிவிடும். அதை மட்டும் பாருங்கள்.

பெற்றோல் பைக்கோட பாத்தா உண்மையில எவ்வளவு மிச்சம்?

ஒரு லீற்றர் பெற்றோலுக்குள் ஏறக்குறைய 9 யுனிட் சக்தி இருக்கிறது. ஸ்கூட்டி ஒன்று அதில் 45 கிலோமீற்றர் ஓடுகிறது என்று எடுத்தால் கிலோமீற்றருக்கு 200 வாற்று மணி. எங்கள் 13உடன் ஒப்பிட்டால் பதினைந்து மடங்கு. அதே 9 யுனிட்டைப் பிளக்கில் எடுத்தால் மின்சைக்கிள் கிட்டத்தட்ட 690 கிலோமீற்றர் ஓடும்.

இவ்வளவு வித்தியாசம் எங்கே இருந்து வருகிறது? பெற்றோல் எஞ்சின் எரிக்கிற சக்தியில் முக்கால்வாசிக்கு மேல் வெறும் சூடு. சைலன்ஸரில் காலை வைத்துச் சுட்டுக்கொண்டவர்களுக்கு அந்தச் சக்தி எங்கே போகிறது என்று சொல்லத் தேவையில்லை. மின்மோட்டர் எடுப்பதில் பெரும்பங்கைச் சில்லுக்குக் கொடுத்துவிடும். அத்தோடு மின்சைக்கிள் 20, 25 கிலோ நிறைதான்; ஸ்கூட்டி 100 கிலோ.

கரண்டே நிலக்கரியிலயும் எண்ணெயிலயும்தானே வருது? புகைய நுரைச்சோலைக்கு மாத்தி விட்டதுதானே மிச்சம்?

நல்ல கேள்வி, இதைக் கேட்பவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும். கணக்கை மோசமான பக்கத்தில் இருந்தே போடுவோம். முழு மின்சாரமும் எண்ணெய் எரித்தே வருகிறது, அந்த நிலையத்தின் வினைத்திறன் 35 சதவீதம், கம்பியில் இன்னொரு 10 சதவீதம் போகிறது என்று வையுங்கள். பிளக்கில் 13 வேண்டுமானால் நிலையத்தில் 41 எரிக்க வேண்டும். ஸ்கூட்டியின் 200க்குப் பக்கத்தில் அது ஐந்தில் ஒன்று. மிக அழுக்கான மின்சாரத்தில் ஓடினாலும் மின்சைக்கிள் தோற்காது.

உண்மையில் நம் மின்சாரம் அவ்வளவு அழுக்கு இல்லை. நுரைச்சோலையில் 900 மெகாவாற்று நிலக்கரி நிலையம் இருக்கிறதுதான். ஆனால் மழை பெய்த வருடத்தில் நீர்மின்சாரம் நல்ல பங்கு கொடுக்கும். அம்பாறைப் பக்கத்தார் பெருமைக்காகச் சொல்வேன், சேனநாயக்க சமுத்திரத்துத் தண்ணீரும் இங்கினியாகலையில் மின்சாரம் ஆக்கிவிட்டுத்தான் வயலுக்குப் போகிறது. 11 மெகாவாற்று அளவு, சின்னதுதான். மின்சைக்கிளுக்கு அதுவே எவ்வளவோ போதும்.

அப்ப சும்மா சைக்கிள் மிதிக்கிறவன் விசரனா?

இல்லை. மிதிசைக்கிளுக்கு மேல் இந்த உலகத்தில் சிக்கனமான வாகனம் இல்லை என்றே சொல்வேன். ஆனால் உடம்புக்கும் எரிபொருள் வேண்டும். ஒரு கிலோமீற்றர் நடக்க 50 கலோரி, சைக்கிளில் போக 20 முதல் 25 கலோரி என்று வைத்தால், நடைக்கு 58 வாற்று மணி, மிதிக்க 25 வாற்று மணி அளவு. நம் தசை தின்ற சோற்றில் கால்வாசியைக்கூடச் சில்லுக்குக் கொடுப்பதில்லை, மிச்சம் வியர்வை. அதனால்தான் மோட்டரின் 13 நம் காலை விடச் சின்ன எண்ணாகத் தெரிகிறது. (அந்த 13இல் நான் மிதித்த பங்கு சேரவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.)

இதைக் கேட்டுவிட்டு ஒரு மாணவன், "அப்ப சோறு தின்னாம சார்ஜ் போடலாமே சேர்" என்றான். சோறு எப்படியும் தின்னத்தானே போகிறோம். மிதிக்கிறவர் மிதிக்கட்டும். மோட்டர் வேண்டியது முழங்கால் நோக்காடு உள்ளவருக்கும், காலை ஏழரைக்கு வியர்க்காமல் பள்ளிக்கூடம் போய்ச் சேர வேண்டிய ரீச்சர்மாருக்கும்.

பாரிஸ்ல இருக்கிற என்ட மச்சான் சொல்றான், அங்க அதைத் தடை செஞ்சிட்டாங்களாம். நல்ல சாமான் எண்டா ஏன் தடை?

மச்சான் சொன்னது பாதி உண்மை. 2023 ஏப்ரல் 2ஆம் திகதி பாரிஸில் வாக்கெடுப்பு வைத்தார்கள். வாக்களித்தவர்களில் 89 சதவீதம் வேண்டாம் என்றார்கள். ஆனால் வாக்களிக்க வந்ததே 8 சதவீதத்துக்கும் குறைவு. அந்த வருடம் செப்டெம்பரோடு வாடகை ஸ்கூட்டர் தெருவை விட்டுப் போனது. சொந்த ஸ்கூட்டருக்குத் தடை இல்லை, வாடகை மின்சைக்கிளும் இன்றுவரை ஓடுகிறது.

அவர்களின் கோபம் மின்சாரத்தின் மேல் இல்லை. நடைபாதையில் விழுந்து கிடப்பது, கண்டபடி ஓட்டி ஆளை இடிப்பது, இதுதான் சண்டை. சக்திக் கணக்கில் வேறொரு சங்கடம் இருக்கிறது. அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

கூட்டாப் பாவிச்சா இன்னும் மிச்சம் வரத்தானே வேணும்? பஸ்ஸில நாப்பது பேர் போற மாதிரி?

எல்லாரும் இடறி விழும் இடம் இதுதான். பஸ்ஸில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் போகிறார்கள், ஒரே டீசலைப் பகிர்கிறார்கள். பகிர்வு ஸ்கூட்டரில் ஒருவர் இறங்கினபின் மற்றவர் ஏறுகிறார். ஒவ்வொருவருக்கும் கிலோமீற்றருக்கு அதே 15 வாற்று மணி தனித்தனியாகப் போகும். மின்சாரத்தில் பகிர்வினால் ஒரு சதமும் மிச்சம் இல்லை. மிச்சம் வரக்கூடியது வண்டியின் எண்ணிக்கையில் மட்டும்: பத்து வீட்டுக்குப் பத்து வண்டிக்குப் பதிலாக நான்கு போதும் என்றால், ஆறு வண்டி செய்த சக்தி மிச்சம்.

ஆனால் அந்த மிச்சத்தைத் தின்ன இரண்டு பிசாசு இருக்கிறது. முதலாவது ஆயுள். தாதுவில் இருந்து ஒரு கிலோ அலுமினியம் எடுக்க 14 யுனிட் அளவு மின்சாரம் போகும். ஸ்கூட்டரில் 6 கிலோ அலுமினியம் என்றால் 84 யுனிட். கிலோமீற்றருக்கு 15 வாற்று மணிப்படி அந்த 84 யுனிட்டில் 5600 கிலோமீற்றர் ஓடலாம். இப்போது அந்த வண்டி நாளுக்கு 10 கிலோமீற்றர் ஓடி ஒரே மாதத்தில் உடைந்துபோனால்? 300 கிலோமீற்றருக்கு 84 யுனிட்டைப் பிரித்துப் பாருங்கள்: கிலோமீற்றருக்கு 280 வாற்று மணி, வெறும் அலுமினியத்துக்கே. ஸ்கூட்டியின் 200 தேவலை என்றாகிவிடும். இது கற்பனை இல்லை. அமெரிக்காவின் லூயிவில் நகரில் 2018இல் முதலில் இறக்கிய ஸ்கூட்டர்களின் பதிவுகளைப் பார்த்தபோது சராசரி ஆயுள் ஒரு மாதத்தை எட்டவில்லை. அதே வண்டி இரண்டு வருடம் தாக்குப்பிடித்தால் அந்த 280, 12க்குக் கீழே இறங்கிவிடும். பிறகு வந்த வாடகை ஸ்கூட்டர்களைத் தடித்த உடம்போடு பாரமாகச் செய்ததன் காரணம் இதுதான்.

இரண்டாவது பிசாசு இரவில் வரும் வான். ஆரம்பத்தில் ஸ்கூட்டரை வானில் ஏற்றிக்கொண்டு போய் சார்ஜ் பண்ணி, காலையில் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் டீசல் வான் 30 கிலோமீற்றர் சுற்றினால் 30 யுனிட் அளவு சக்தி எரிகிறது. அது சேர்த்தது 20 ஸ்கூட்டர், ஒவ்வொன்றும் மறுநாள் 20 கிலோமீற்றர் ஓடினால் மொத்தம் 400. பிரித்தால் கிலோமீற்றருக்கு 75 வாற்று மணி. வண்டி ஓட 15, அதைப் பொறுக்கிச் சுமக்க 75! 2019இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வாடகை ஸ்கூட்டரின் கரியமில வாயுக் கணக்கைப் பிரித்துப் பார்த்தது. செய்வதற்குப் பாதி, பொறுக்கிச் சேர்ப்பதற்கு 43 சதவீதம். சார்ஜ் பண்ணும் மின்சாரத்துக்கு? 5 சதவீதம்கூட இல்லை.

பற்றரிய மட்டும் கழட்டி மாத்தினா என்ன?

அதுதான் மருந்து. வண்டி நின்ற இடத்தில் நிற்க, ஆள் ஒருவர் பற்றரியைக் கொண்டுபோய் மாற்றுவார். மேலே சொன்ன 30 கிலோமீற்றரை மின் ஆட்டோவில் சுற்றினால், கிலோமீற்றருக்கு 70 வாற்று மணிப்படி மொத்தம் 2 யுனிட்டை ஒட்டித்தான் வரும். 400 கிலோமீற்றருக்குப் பிரித்தால் 5 வாற்று மணி. 75 எங்கே, 5 எங்கே! தாய்வானில் கோகோரோ 2015இல் இருந்து செய்வது இதில் இன்னும் ஒரு படி மேல்: ஓட்டுகிறவரே சார்ஜ் ஏற்றிய பற்றரிகள் இருக்கும் பெட்டியடிக்குப் போய் மாற்றிக்கொள்கிறார்.

மட்டக்களப்பில ஏத்தம் இறக்கமே இல்லையே. கண்டிக்காரனை விட நமக்கு லாபம்தானே?

லாபம்தான். புளியந்தீவில் இருந்து கல்முனை வரை போனாலும் மேடு என்று சொல்ல இருப்பது பாலங்கள் மட்டும். ஆனால் நம் மேடு காற்றில் இருக்கிறது. அந்தக் காற்றுக்குப் பெயர் கச்சான்; கொறிக்கிற கச்சானை, அதாவது நிலக்கடலையை, நினைக்காதீர்கள். ஆனி, ஆடியில் வீசுகிற அந்தக் காற்றில் கல்லடிப் பாலத்தில் டவுன் பக்கம் போய்ப் பாருங்கள். நீங்கள் 20 கிலோமீற்றர் வேகத்தில் போக, எதிர்க்காற்றும் 20இல் வந்தால், உடம்பில் படுவது 40. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், ஆகவே நான்கு மடங்கு. பற்றரிக் கோடு கண் முன்னால் இறங்கும்.

வேகத்துக்கும் இதே கணக்குத்தான். 20ஐ விட்டு 30இல் ஓடினால் காற்றை வெல்லக் கிலோமீற்றருக்கு இரண்டே கால் மடங்கு வேண்டும். மிச்சம் பிடிக்க மலிவான வழி கை முறுக்கைக் குறைப்பது. இளந்தாரிகளிடம் சொல்லிப் பிரயோசனம் இல்லை என்றும் தெரியும்.

பிரேக் பிடிச்சா கரண்ட் திரும்பிப் பற்றரிக்கு வருமாமே?

சில மோட்டரில் வரும். ஆனால் 25 கிலோ வண்டியில் திருப்பி எடுக்க இருப்பது கொஞ்சம்தான், அதுவும் நம்மூர்ச் சமதரையில் சில சதவீதம். உள்ளே பல்சில்லு வைத்த சின்ன மோட்டர்களில் அதுவும் இல்லை. இதைச் சொல்லிக் கூட விலைக்கு விற்றால் வாங்க வேண்டாம்.

உப்புக் காத்துக்கும் இந்த வெயிலுக்கும் பற்றரி தாங்குமா?

வெயில்தான் பெரிய எதிரி. லித்தியம் பற்றரி சூட்டில் சீக்கிரம் கிழடாகும். ஓடி வந்த சூட்டோடு சார்ஜில் போடக் கூடாது. முழுதாக ஏற்றி வெயிலில் விடவும் கூடாது. ஆயுளைப் பற்றி மேலே சொன்ன அலுமினியக் கணக்கு பற்றரிக்கும் அப்படியே பொருந்தும். ஐந்து வருடம் போக வேண்டியது இரண்டில் போனால், மிச்சம் பிடித்த மின்சாரத்துக்குக் கருத்தே இல்லை. உப்புக்கு: கிழமைக்கு ஒருக்கா நல்ல தண்ணீரில் ஈரத்துணியால் துடைத்து, இணைப்புகளைக் காய வைத்தால் போதும். சங்கிலிக்கு எண்ணெய் விட மறக்க வேண்டாம்; துருப்பிடித்த சங்கிலியும் மின்சாரம் தின்னும்.

சார்ஜ் எப்ப போடுறது நல்லம்? ராவையிலதானே?

மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை மட்டும் வேண்டாம். ஊர் முழுக்க லைட், ரீவி, குக்கர் எல்லாம் போடும் நேரம், எண்ணெய் நிலையங்களை முடுக்கி விடும் நேரமும் அதுதான். அதற்குப் பிறகு என்றால் பரவாயில்லை.

ஆனால் இப்போது நான் மத்தியானத்தைத்தான் சொல்வேன். கூரைகளில் சூரியத் தகடு பெருகி, நண்பகலில் மின்சாரம் மிஞ்சும் நாட்கள் வருகின்றன. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரிய மின்சாரத்தைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டது. அப்படி மிஞ்சுவதை எடுத்துப் பற்றரியில் போட்டால், நாலாவது கேள்வியில் வந்த நுரைச்சோலைப் பேச்சுக்கே இடம் இல்லை.

நாலு வீடும் சேர்ந்து நடத்துறீங்களே, என்ன பிழையெல்லாம் விட்டீங்க?

முதல் பிழை, சார்ஜரைப் பிளக்கிலேயே விட்டது. வண்டி இல்லாதபோதும் அது 3 வாற்று இழுக்கிறது என்று மீற்றர் காட்டியது. மாதம் முழுக்க என்றால் இரண்டு யுனிட்டுக்கு மேல், ஐந்து முழுச் சார்ஜ் சும்மா போகிறது. வாடகை வண்டிகளுக்கும் இந்த நோய் உண்டு. பூட்டும், இருப்பிடம் சொல்லும் கருவியும் வண்டி நிற்கும்போதும் விழித்திருக்கும். அது ஒரு வாற்று எடுத்தால் நாளுக்கு 24 வாற்று மணி, கிட்டத்தட்ட இரண்டு கிலோமீற்றர் ஓட்டம்.

இரண்டாவது, பொது வண்டி யாருக்கும் சொந்தம் இல்லாத வண்டி ஆனது. ரயருக்குக் காற்று அடிக்க ஆள் இல்லை. காற்றுக் குறைந்தால் அதே பற்றரிக்கு ஐந்தாறு கிலோமீற்றர் குறைவாக ஓடும். மார்கழி மழையில் ஒரு வண்டி தாழ்வாரத்தில் கிடந்து மோட்டருக்குள் தண்ணீர் போனது. திருத்தக் கொடுத்த கடைக்காரர் பெயரைச் சொல்லமாட்டேன், பற்றரியைத் தலைகீழாகப் பூட்டித் தந்தார். இப்போது கிழமைக்கு ஒரு வீடு பொறுப்பு. ஆணியில் ஒரு கொப்பி தொங்குகிறது. போன தூரத்தோடு "இது இல்லாட்டி எதில போயிருப்பன்" என்பதையும் எழுத வேண்டும்.

பஸ் ஸ்டாண்டிலயும் கம்பஸிலயும் இருபது வண்டி வெச்சா ஓடுமா? மிச்சம் வருமா?

ஓடும். மிச்சம் வருமா என்பது அந்தக் கொப்பிக் கேள்வியில் இருக்கிறது. வட கரோலினா ஆய்வில் கேட்டபோது, ஸ்கூட்டர் இல்லாவிட்டால் காரில் போயிருப்போம் என்றவர்கள் மூன்றில் ஒரு பங்கு. பாதிப்பேர் நடந்தோ மிதித்தோ போயிருப்பார்கள். நடந்து போக இருந்தவரை ஸ்கூட்டரில் ஏற்றினால் மிச்சம் ஒன்றும் இல்லை, செலவுதான். எங்கள் கொப்பியில் மோட்டார் சைக்கிளுக்கும் ஆட்டோவுக்கும் பதிலாகப் போனது ஏறக்குறைய பாதி. மற்றப் பாதி ஏற்கெனவே மிதிக்கிறவர்கள். என் வீட்டுக்காரி உட்பட.

எனவே எங்கே வைப்பது என்பதில்தான் விஷயம். டவுனுக்குள் கோட்டைமுனைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் இடையில் வைத்தால் நடக்கிறவர்களைப் பிடிக்கும். வந்தாறுமூலை கம்பஸ், அதாவது கிழக்குப் பல்கலைக்கழகம், டவுனில் இருந்து 16 கிலோமீற்றர். அந்தத் தூரத்துக்குப் பஸ்தான் சரி, ஆனால் பஸ்ஸால் இறங்கினவர் உள்ளூர் ஒழுங்கைக்குள் ஆட்டோ பிடிக்கும் அந்தக் கடைசி மூன்று கிலோமீற்றருக்கு வண்டி வைத்தால் ஒவ்வொரு பயணமும் எண்ணெயை மிச்சம் பிடிக்கும். காத்தான்குடி, சாய்ந்தமருது மாதிரி நெருக்கமான ஊர்களில் வீட்டுக்கு இரண்டு பைக் நிற்கிறது. அங்கே பள்ளிக்கும் கடைக்கும் போகிற ஓட்டத்தைப் பிடித்தாலும் நல்ல கணக்கு வரும்.

அப்ப ஆட்டோக்காரர் வயித்தில அடிக்கிறீங்க?

ஸ்டாண்டில் நிற்கும் ஒரு ஆட்டோ அண்ணன் என்னை நிறுத்திக் கேட்டது இது. பற்றரி மாற்றும் வேலைக்கு ஊரை அறிந்த ஆள் வேண்டும், மின் ஆட்டோவும் வேண்டும் என்றேன். "அதுக்கு இருபது பேர் தேவைப்படாதே தம்பி" என்றார். அவர் சொன்னது சரி. சக்திக் கணக்கில் இதற்குப் பதில் இல்லை.

இவ்வளவு கதைக்கிற நீங்க ஏன் இன்னும் பெற்றோல் பைக் வெச்சிருக்கீங்க?

சனிக்கிழமைகளில் எனக்கு வெல்லாவெளியில் வகுப்பு. போக மட்டும் 30 கிலோமீற்றருக்கு மேல், எங்கள் பற்றரி 32க்குத்தான். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் நான் போகிற அந்த இடத்தில் பகலில் சார்ஜ் போட ஒரு பிளக் கேட்டிருக்கிறேன். கிடைத்தால் பைக்கை விற்பேன். கொப்பியில் இந்தக் கேள்வியையும் யாரோ பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்கள்.